மடிக்கணினி முதலீடா, கடன் சுமையா?
மெய்நிகர் உதவியாளர் வேலைக்குப் போகுமுன் மாணவர்கள் போட வேண்டிய கணக்கு

எஸ்பிஎம் தேர்வு முடிந்த வீடுகளில் அடிக்கடி கேட்கும் பேச்சு இது. "அப்பா, நல்ல லேப்டாப் ஒன்னு வாங்கிக் கொடுங்க. வீட்டிலிருந்தே ஆன்லைன் வேலை செஞ்சு நானே கட்டிடுறேன்." அப்பா விலையைக் கேட்கிறார். ஐயாயிரம் வெள்ளி என்றதும் பேச்சு அப்படியே நின்றுவிடுகிறது.

அதன்பின் நடப்பது வீட்டுக்கு வீடு மாறுகிறது. ஒரு வீட்டில் அம்மாவின் நகை அடகுக் கடைக்குப் போகிறது. இன்னொரு வீட்டில் பிள்ளையே கைப்பேசிச் செயலியில் தவணைக்கு வாங்கிவிடுகிறார். மற்றொரு வீட்டில் அக்காள் பல்கலைக்கழகத்தில் பயன்படுத்திய பழைய கணினியைத் தூசு தட்டிக் கொடுத்து, "இதிலேயே செய்" என்கிறார்கள்.

இந்த மூன்று வழியிலும் ஆபத்து உண்டு. முதல் இரண்டும் இன்னும் வராத சம்பளத்தை நம்பிச் செய்யும் செலவு. மூன்றாவது, வந்த வாடிக்கையாளரையே இழக்க வைக்கக்கூடிய சிக்கனம். எவ்வளவு செலவிடுவது என்பதைக் கணினிக் கடையில் நின்று முடிவு செய்யக்கூடாது. வேலையைப் புரிந்துகொண்ட பிறகே முடிவு செய்ய வேண்டும்.

வேலை என்ன கேட்கிறது?

மெய்நிகர் உதவியாளர் என்பவர் அலுவலகம் போகாமல் இணையம் வழி செயலாளர் வேலை பார்ப்பவர். மின்னஞ்சல்களுக்குப் பதில் எழுதுவது, சந்திப்புகளுக்கு நேரம் குறிப்பது, விமானச் சீட்டு பதிவு செய்வது, இன்வாய்ஸ் தயாரிப்பது, எக்செல் பட்டியலைச் சரிபார்ப்பது, நிறுவனத்தின் ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராம் பக்கங்களைக் கவனிப்பது, வாடிக்கையாளர் கேள்விகளுக்கு வாட்ஸ்அப்பில் பதில் சொல்வது ஆகியவை வழக்கமான பணிகள்.

மலேசிய மாணவருக்கு இதில் இயல்பாகவே சில சாதகங்கள் உண்டு. சிங்கப்பூருக்கும் ஆஸ்திரேலியாவின் பெர்த் நகருக்கும் நமக்கும் ஒரே கடிகாரம். ஆங்கிலமும் மலாயும் தெரிந்து, கூடவே தமிழும் பேசக்கூடியவர் பல சிறு வணிகங்களுக்குத் தேவைப்படுகிறார். ஆனால் இத்துறையில் நெடுங்காலமாக முன்னணியில் இருப்பவர்கள் பிலிப்பைன்ஸ் நாட்டவர். அவர்களுக்கும் இதே கடிகாரம்தான், ஆங்கிலமும் சரளம். ஆகவே, "கணினி வாங்கினால் வேலை தானாக வரும்" என்ற எண்ணத்தை முதலில் விட்டுவிட வேண்டும்.

இந்த வேலையின் பெரும்பகுதி பிரவுசருக்குள்ளேயே நடக்கிறது. மின்னஞ்சல், நாள்காட்டி, கணக்குப் பதிவு, வடிவமைப்புக்கான கேன்வா, வீடியோ சந்திப்பு எல்லாமே இணையத்தில் இயங்குபவை. ஒரே நேரத்தில் இருபது பக்கங்கள் திறந்திருக்கும். நடுவில் ஜூம் அழைப்பும் ஓடும். கணினிக்குச் சோதனை அங்கேதான்.

இன்னொன்றையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் மடிக்கணினி என்ன பிராண்டு என்பது வாடிக்கையாளருக்குத் தெரியாது. உங்கள் குரல் தெளிவாகக் கேட்கிறதா, சொன்ன நேரத்தில் வேலை வந்து சேர்கிறதா, முக்கியமான சந்திப்பின் நடுவே நீங்கள் காணாமல் போகிறீர்களா என்பவை மட்டுமே அவருக்குத் தெரியும்.

அண்மையில் மாறிய மூன்று விஷயங்கள்

சில ஆண்டுகளுக்கு முன்பு என்றால் "இருப்பதை வைத்துத் தொடங்கு" என்று சொல்லிவிடலாம். இப்போது அப்படிச் சொல்ல முடியாததற்கு மூன்று காரணங்கள் உள்ளன.

முதலாவது, 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவை மைக்ரோசாஃப்ட் நிறுத்திக்கொண்டது. அந்தக் கணினிகள் தொடர்ந்து இயங்கும். ஆனால் புதிதாகக் கண்டுபிடிக்கப்படும் பாதுகாப்பு ஓட்டைகளை அடைக்கும் புதுப்பிப்புகள் வராது. தனிப்பட்ட பயனர்கள் பதிவு செய்துகொண்டால் 2026 அக்டோபர் 13 வரை ஓராண்டு கூடுதல் பாதுகாப்பு கிடைக்கும். விண்டோஸ் 11-க்கு மாற டிபிஎம் 2.0 எனும் பாதுகாப்புச் சில்லும், இன்டெல் என்றால் பொதுவாக எட்டாம் தலைமுறை அல்லது அதற்குப் பிந்திய செயலியும் வேண்டும். அக்காள் கொடுத்த பழைய கணினி இதில் தேறுமா என்பதை மைக்ரோசாஃப்டின் பிசி ஹெல்த் செக் எனும் இலவசச் செயலியே சொல்லிவிடும். புதிதாக எதையும் வாங்குவதற்கு முன் செய்ய வேண்டிய முதல் சோதனை இது.

இரண்டாவது, கணினி நினைவகத்தின் விலை. செயற்கை நுண்ணறிவுத் தரவு மையங்களுக்கு ஏராளமான நினைவகச் சில்லுகள் தேவைப்படுவதால், 2025-இன் பிற்பகுதியிலிருந்து விலை வேகமாக ஏறத் தொடங்கியது. உலகின் நினைவகச் சில்லுகளில் பெரும்பகுதியைச் செய்வது சாம்சுங், எஸ்கே ஹைனிக்ஸ், மைக்ரோன் ஆகிய மூன்றே நிறுவனங்கள். அவற்றுள் மைக்ரோன், குருஷியல் என்ற பெயரில் பயனீட்டாளர்களுக்கு நேரடியாக நினைவகம் விற்றுவந்த வணிகத்திலிருந்து விலகுவதாக 2025 டிசம்பரில் அறிவித்தது. பினாங்கிலும் மூவாரிலும் தொழிற்சாலை வைத்திருக்கும் நிறுவனம் அது. நம் ஊர்க்காரர்கள் வேலை செய்யும் தொழிற்சாலையின் சரக்கு, நம் மாணவர்களுக்கு எட்டாத விலைக்குப் போகிறது. "இப்போது 8 ஜிபி போதும், பிறகு ஏற்றிக்கொள்ளலாம்" என்ற பழைய ஆலோசனை இன்று நட்டத்தில் முடியலாம். அதோடு, மெல்லிய புதிய மடிக்கணினிகள் பலவற்றில் நினைவகம் பலகையோடு ஒட்டப்பட்டே வருகிறது; பிறகு கூட்டவே முடியாது.

மூன்றாவது மாற்றத்தை மாணவர்கள் பலர் கவனித்திருக்க மாட்டார்கள். தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2010-க்கு 2024-இல் திருத்தம் கொண்டு வரப்பட்டது. 2025-இல் கட்டம் கட்டமாக நடப்புக்கு வந்த அந்தத் திருத்தத்தின்படி, பிறருக்காகத் தரவுகளைக் கையாளுபவருக்கும் அவற்றைப் பாதுகாக்கும் நேரடிப் பொறுப்பு உண்டு. விதிமீறலுக்கான உச்ச அபராதம் 3 லட்சம் வெள்ளியிலிருந்து 10 லட்சம் வெள்ளிக்கு உயர்த்தப்பட்டது. ஒரு பல் மருத்துவரின் நோயாளிப் பட்டியலையோ ஓர் இணையக் கடையின் வாடிக்கையாளர் முகவரிகளையோ கையாளும் மெய்நிகர் உதவியாளர் அந்த இடத்தில்தான் நிற்கிறார்.

இந்த மூன்றையும் சேர்த்துப் பாருங்கள். பாதுகாப்புப் புதுப்பிப்பு நின்றுபோன கணினியில், தம்பி விளையாட்டு பதிவிறக்கம் செய்யும் அதே கணக்கில், வேறொருவரின் வாடிக்கையாளர் விவரங்களைத் திறந்து வைப்பது இனிச் சிறிய விஷயம் அல்ல. நல்ல கருவி தேவைப்படுவதற்கு வேகம் ஒரு காரணம். பிறர் நம்பி ஒப்படைத்ததைக் காப்பது அதைவிடப் பெரிய காரணம்.

எதற்குப் பணம் கொடுக்கலாம்?

16 ஜிபி நினைவகம், குறைந்தது 256 ஜிபி எஸ்எஸ்டி சேமிப்பு, நடுத்தரச் செயலி. இன்டெல் கோர் ஐ5, ஏஎம்டி ரைசன் 5 போன்ற வகைகளே இந்த வேலைக்குத் தாராளம். வன்தட்டில் இயங்கும் பழைய கணினியை எஸ்எஸ்டிக்கு மாற்றினாலே அது புதுக் கணினி போல் எழுந்து நிற்பதைப் பலர் கண்டிருப்பீர்கள்.

அடுத்த செலவு ஒலிவாங்கியுடன் கூடிய ஹெட்செட். மின்விசிறிச் சத்தமும் பக்கத்து வீட்டு நாயின் குரைப்பும் வாடிக்கையாளர் காதில் விழாமல் பார்த்துக்கொள்வது, கூடுதல் விலையுள்ள செயலியைவிட அதிகப் பலன் தரும். முடிந்தால் பழைய மானிட்டர் ஒன்றை இரண்டாம் திரையாக வைத்துக்கொள்ளலாம். ஒரு திரையில் மின்னஞ்சலும் மறு திரையில் பட்டியலும் இருந்தால், மாறி மாறிப் பார்ப்பதால் வரும் தவறுகள் குறையும்.

இணையத்தில் பதிவிறக்க வேகத்தை மட்டும் பார்க்காதீர்கள். பதிவேற்ற வேகத்தையும் கேளுங்கள். தெளிவான வீடியோ அழைப்புக்கு இரு பக்கமும் சுமார் 4 எம்பிபிஎஸ் போதும். ஆனால் அது விட்டுவிட்டு வரக்கூடாது. வீட்டு இணையம் துண்டிக்கப்பட்டால் உடனே கைப்பேசி ஹாட்ஸ்பாட்டுக்கு மாற, தரவு இருப்பு எப்போதும் இருக்க வேண்டும்.

மின்சாரத்தையும் மறக்கக்கூடாது. நம் ஊரில் பிற்பகல் இடிமழைக்குக் குறைவே இல்லை. மின்சாரம் போனால் மடிக்கணினி பேட்டரியில் தாக்குப்பிடிக்கும். ஆனால் ரௌட்டர் அணைந்துவிடும். ரௌட்டருக்குச் சிறிய யூபிஎஸ் ஒன்றும், மின்னழுத்தப் பாய்ச்சலைத் தடுக்கும் பிளக் ஒன்றும் இருந்தால் சந்திப்பும் நிற்காது, கருவியும் கருகாது.

பணமே தேவைப்படாத பாதுகாப்புகளும் உள்ளன. வேலைக்கென்று கணினியில் தனிப் பயனர் கணக்கு, ஒவ்வொரு தளத்துக்கும் வெவ்வேறு கடவுச்சொல், இரண்டு அடுக்குச் சரிபார்ப்பு, கணினி திருடுபோனாலும் பிறர் படிக்க முடியாதபடி சேமிப்பைப் பூட்டும் குறியாக்கம். இவற்றை ஒரு சனிக்கிழமை காலையில் செய்து முடித்துவிடலாம்.

எது வேண்டாம்?

கடைகளில் இப்போது எங்கு பார்த்தாலும் "ஏஐ பிசி" விளம்பரம். மைக்ரோசாஃப்ட் 2024 மே மாதம் அறிமுகப்படுத்திய கோபைலட் பிளஸ் வகைக் கணினிகளில் செயற்கை நுண்ணறிவுக்கென்றே தனிச் செயலி இருக்கிறது. நல்ல தொழில்நுட்பம்தான். ஆனால் நாம் அன்றாடம் பயன்படுத்தும் சாட்ஜிபிடியும் ஜெமினியும் பெரும்பாலும் நம் மேசையில் இயங்குவதில்லை. அவற்றின் கணக்கீடு எங்கோ ஒரு தரவு மையத்தில் நடக்கிறது. சாதாரணக் கணினியிலும் அவை திறக்கும். அந்த முத்திரைக்காக மட்டும் ஆயிரம் வெள்ளி கூடுதலாகக் கொடுப்பதில் இந்த வேலைக்குப் பயன் இல்லை.

கேமிங் மடிக்கணினியும் அப்படித்தான். அதன் கிராஃபிக்ஸ் அட்டை வீடியோ தொகுப்பாளருக்கு உதவும். நாள்காட்டியைச் சரிபார்ப்பவருக்கு எடை கூடும், பேட்டரி குறையும். மெக்புக் நல்ல கருவி. ஆனால் வாடிக்கையாளர் கேட்காத வரை அது கட்டாயம் இல்லை. எதிர்த்திசையில், டேப்லெட்டை மட்டும் நம்பி இந்த வேலையை எடுப்பதும் சிரமம். பாடம் படிக்க அது உதவும். எட்டு மணி நேரம் பட்டியலும் மின்னஞ்சலும் கையாள உதவாது.

செயற்கை நுண்ணறிவு இந்தத் தொழிலைத் தொடும் இடம் வேறு. வெறும் தரவுப் பதிவு, எளிய மின்னஞ்சல் வரைவு போன்ற வேலைகளை இன்று மென்பொருளே செய்துவிடுகிறது. எஞ்சி நிற்பவை, எது முக்கியம் என்று பிரித்தறிவது, கோபத்தில் இருக்கும் வாடிக்கையாளரிடம் பக்குவமாகப் பேசுவது, கணக்கில் பிழையைக் கண்டுபிடிப்பது ஆகியவை. ஆகவே கையில் இருக்கும் பணம் முழுவதையும் கருவியில் போட்டுவிட்டு, கணக்குப் பதிவு போன்ற ஒரு திறனைக் கற்கப் பணம் இல்லாமல் நிற்பது தலைகீழான முதலீடு.

கணக்கைப் போட்டுப் பார்ப்போம்

ஓர் உதாரணம். எண்கள் விளக்கத்துக்காக மட்டுமே. உங்கள் எண்களைப் போட்டுக்கொள்ளுங்கள். ஒரு கல்லூரி மாணவி மணிக்கு 20 வெள்ளி வீதம், மாதம் 40 மணி நேரம் வேலை செய்கிறார். வருமானம் 800 வெள்ளி. அவர் வேலை எடுக்கும் இணையத்தளம் 10 விழுக்காடு கழித்துக்கொள்கிறது என்று வைப்போம். அப்வொர்க் 2025 மே முதல் வேலைக்கு ஏற்ப 0 முதல் 15 விழுக்காடு வரை எடுக்கிறது. ஃபைவர் 20 விழுக்காடு எடுக்கிறது. 80 வெள்ளி போக 720. இணையத்துக்கும் தரவுக்கும் 100 வெள்ளி. கையில் நிற்பது 620 வெள்ளி.

அவர் 4,800 வெள்ளிக்குப் புது மடிக்கணினியை 24 மாதத் தவணையில் வாங்கினால், வட்டியே இல்லை என்றாலும் மாதம் 200 வெள்ளி. கையில் நிற்கும் பணத்தில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு போய்விடுகிறது. கணினியின் விலையை மீட்கவே எட்டு மாத உழைப்பு வேண்டும். முதல் வாடிக்கையாளர் கிடைக்க நான்கு மாதம் ஆனால், ஒரு வெள்ளிகூடச் சம்பாதிக்காமல் 800 வெள்ளி கட்டியிருப்பார்.

அதே மாணவி, நிறுவனங்கள் பயன்படுத்தி விற்ற திங்க்பேட், லேட்டிட்யூட், எலைட்புக் போன்ற வணிக வகை மடிக்கணினி ஒன்றை, 16 ஜிபி நினைவகத்தோடு 1,800 வெள்ளிக்கு வாங்குகிறார். ஹெட்செட், பழைய மானிட்டர், சேமிப்பு டிரைவ், மின்பாதுகாப்பு எல்லாம் சேர்ந்து இன்னும் 600. மொத்தம் 2,400 வெள்ளி. நான்கு மாத உழைப்பில் விலை மீண்டுவிடுகிறது. மேசையில் இருக்கும் வசதியோ முதல் தேர்வைவிட அதிகம்.

பழைய பொருளுக்கு எச்சரிக்கை வேண்டும். லோ யாட் பிளாசாவாக இருந்தாலும் உங்கள் ஊர்க் கடையாக இருந்தாலும், ரசீதும் எழுத்து வடிவ உத்தரவாதமும் இல்லாமல் வாங்காதீர்கள். விண்டோஸ் 11 முறையான உரிமத்தோடு இருக்கிறதா, பேட்டரி எத்தனை மணி நேரம் தாங்குகிறது, விசைகள் எல்லாம் வேலை செய்கின்றனவா, முந்தைய நிறுவனத்தின் பூட்டு ஏதும் மிச்சம் இருக்கிறதா என்று கடையிலேயே பாருங்கள். ஏமாற்றப்பட்டால் 50,000 வெள்ளி வரையிலான கோரிக்கைகளைப் பயனீட்டாளர் தீர்ப்பாயத்திடம் கொண்டுபோகலாம்.

இப்போதே வாங்கு, பிறகு கட்டு

தவணைச் செயலிகளின் ஆபத்து, அவை கடன் போலத் தோன்றாமல் இருப்பதுதான். ஒரு தவணை தவறினால் கட்டணம். இரண்டு மூன்று செயலிகளில் வாங்கியிருந்தால் எது எப்போது என்பதே குழப்பம். 2025-இல் நாடாளுமன்றம் நிறைவேற்றிய பயனீட்டாளர் கடன் சட்டம் இத்தகைய சேவைகளையும் கண்காணிப்புக்குள் கொண்டுவருகிறது. நல்ல மாற்றம்தான். ஆனால் எந்தச் சட்டமும் உங்களுக்காகத் தவணையைக் கட்டாது.

ஒரு கட்டுப்பாட்டை வைத்துக்கொள்ளலாம். முதல் வாடிக்கையாளர் கிடைப்பதற்கு முன் கடன் வாங்கிக் கருவி வாங்குவதில்லை. அதுவரை கல்லூரிக் கணினியிலோ வீட்டுக் கணினியிலோ பயிற்சி செய்யுங்கள். பிறரின் தரவைத் தொடாத மாதிரி வேலைகளைச் செய்து காட்டுங்கள். விண்டோஸ் 11 ஏறாத பழைய கணினியில் கூகுளின் குரோம்ஓஎஸ் ஃப்ளெக்ஸ் இலவசமாக ஏறுமா என்று பாருங்கள். பிரவுசர் வேலைக்கு அது போதும். முதல் மூன்று மாத வருமானம் கைக்கு வந்தபின், அதைக்கொண்டு அடுத்த கருவியை வாங்குங்கள்.

தொழிலாக எடுத்தால்

18 வயது நிரம்பியவர்கள் தொழில் தொடங்கிய 30 நாட்களுக்குள் எஸ்எஸ்எம்-இல் பதிவு செய்ய வேண்டும். சொந்தப் பெயரில் என்றால் ஆண்டுக்கு 30 வெள்ளி, வணிகப் பெயரில் என்றால் 60 வெள்ளி. 18 வயது நிரம்பாத இடைநிலைப்பள்ளி மாணவர்களுக்கு இது தயாராகும் காலம்; தட்டச்சு, எக்செல், பிழையில்லாத ஆங்கில மின்னஞ்சல் ஆகிய மூன்றையும் இப்போதே பழகலாம்.

கணினி ரசீதைப் பத்திரப்படுத்துங்கள். வருமான வரியில் கணினி, புத்தகம், இணையக் கட்டணம் முதலியவற்றுக்குச் சேர்த்து 2,500 வெள்ளி வரை வாழ்க்கைமுறைக் கழிவு உண்டு. பிள்ளைக்காக வாங்கும் பெற்றோரும் கோரலாம். ஆனால் அது தொழிலுக்குப் பயன்படுத்தாத கணினிக்கு மட்டுமே. தொழிலுக்கு வாங்கியதற்கு மூலதனக் கழிவு என்ற வேறு வழி இருக்கிறது. ஒரே ரசீதை இரண்டு பக்கமும் காட்ட முடியாது.

தொழில் வளர்ந்தபின் முதல் தேவைப்பட்டால், இந்தியத் தொழில்முனைவோருக்கான தெக்குனின் ஸ்புமி திட்டமும், இந்தியப் பெண்களுக்கு அமானா இக்தியாரின் பென் திட்டமும் இருக்கின்றன. இவையும் கடன்களே, வாடிக்கையாளர் பட்டியலோடு போய்க் கேட்பவருக்கே அவை கைகொடுக்கும்.

மீண்டும் அந்த வீட்டுக்கு வருவோம். அப்பா "எவ்வளவு?" என்று கேட்டதும் பேச்சு நின்றுபோனது. மகளோ மகனோ ஒரு தாளை நீட்டி, "யாருக்கு வேலை செய்யப் போகிறேன், மாதம் எத்தனை மணி நேரம், என்ன மென்பொருள் வேண்டும், எத்தனை மாதத்தில் இந்தப் பணம் திரும்பும் என்று எழுதியிருக்கிறேன்" என்று சொன்னால், அதே பேச்சு வேறு மாதிரி தொடரும். அந்தத் தாளை இந்த வார இறுதியில் எழுதிப் பாருங்கள். எழுத முடியாத வரி எது என்று தெரிந்தால், அடுத்து என்ன கற்க வேண்டும் என்பதும் தெரிந்துவிடும்.